பாசிசம்

பாசிசம் என்பது முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் தோன்றி, 1922 முதல் 1943 வரை அந்நாட்டை ஆண்ட அரசியல் இயக்கமும் அதன் கருத்தியலும் ஆகும். தீவிரத் தேசியவாதம், தனித் தலைவருக்குக் கேள்வியின்றிக் கீழ்ப்படிதல், ஒரு கட்சி ஆட்சி, எதிர்ப்பாளர் மீது திட்டமிட்ட வன்முறை, நாடாளுமன்ற மக்களாட்சியையும் பொதுவுடைமையையும் ஒருசேர மறுத்தல் ஆகியன இதன் முதன்மைக் கூறுகள். ஜெர்மனியின் நாசிசம் உள்ளிட்ட, இதனை ஒத்த பிற நாட்டு இயக்கங்களைக் குறிக்கவும் பின்னர் இச்சொல் பயன்படலாயிற்று. தமிழில் பாசிசம், பாசிஸம், ஃபாசிசம் எனப் பலவாறு எழுதப்படுகிறது.

அன்றாட அரசியல் பேச்சில் பிடிக்காத அதிகாரம் எதனையும் பாசிசம் என்று வைவது வழக்கமாகிவிட்டது. இது புதிய வழக்கமன்று. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1944-இலேயே இதைக் குறித்து ஒரு கட்டுரை எழுதியுள்ளார். வசைச் சொல்லாக இது பயன்படுவதை விடுத்து, பிறந்த நாட்டில் பாசிசம் எவ்வாறு உருவாகி எவ்வழியில் ஆட்சியைப் பிடித்தது என்பதையும், அதனோடு சேர்த்துப் பேசப்படும் பிற எதேச்சதிகார ஆட்சிகளிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பிறப்பு

இத்தாலிய மொழியில் 'ஃபாஷோ' என்றால் கட்டு அல்லது கற்றை என்று பொருள். பண்டைய உரோமில் உயர் அலுவலர்களுக்கு முன்னே 'லிக்டர்' எனப்பட்ட ஏவலர்கள், பிரம்புகளைச் சேர்த்துக் கட்டி நடுவே கோடரி செருகிய ஒரு சின்னத்தைச் சுமந்து செல்வர். பிரம்பு அடிக்கும் அதிகாரத்தையும், கோடரி உயிரைப் பறிக்கும் அதிகாரத்தையும் குறித்தன.

எனினும் கட்சியின் பெயர் நேரே உரோமிலிருந்து வந்ததன்று. 19 ஆம் நூற்றாண்டு இத்தாலிய அரசியலில் ஃபாஷோ என்பது சங்கம், குழு என்னும் பொருளில் வழங்கியது. 1890களின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் விவசாயிகளும் தொழிலாளரும் அமைத்த 'ஃபாஷி' சங்கங்கள் இடதுசாரிச் சார்புடையவை. 1894-இல் அரசு படையை அனுப்பி அவற்றை ஒடுக்கியது. 1914-இல், இத்தாலி போரில் இறங்க வேண்டும் என்று கோரிய குழுக்களும் இதே பெயரை வைத்துக்கொண்டன. பிரம்புக் கட்டுச் சின்னம் அதன் பிறகே முன்னிறுத்தப்பட்டு, 1926-இல் அரசுச் சின்னமாக்கப்பட்டது. (இச்சின்னம் பாசிசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை மண்டபத்திலும் இது இடம்பெற்றுள்ளது.)

பின்னணி

இத்தாலி 1861-இல்தான் ஒரே அரசாக ஒன்றிணைந்தது. பெரும்பான்மை ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1912-இல். ஆக, மக்களாட்சி வேரூன்றும் முன்பே அந்நாடு போரைச் சந்தித்தது. 1915 ஏப்ரலில் இலண்டனில் கையெழுத்தான இரகசிய உடன்படிக்கையின்படி, நிலப்பகுதிகள் கிடைக்கும் என்ற உறுதியின் பேரில் இத்தாலி நேச நாடுகளின் பக்கம் சேர்ந்தது. ஏறத்தாழ 6 இலட்சம் படைவீரர்கள் மாண்டனர். வெற்றி பெற்ற நாடாக இருந்தும், எதிர்பார்த்த நிலமனைத்தும் கிடைக்கவில்லை. கவிஞர் கப்ரியேல் தனுன்சியோ இதனை ஊனமாக்கப்பட்ட வெற்றி என்று வருணித்தார். 1919 செப்டம்பரில் அவர் தம் ஆதரவாளர்களுடன் ஃபியூமே துறைமுக நகரைக் கைப்பற்றி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். கருஞ்சட்டை, மாடத்திலிருந்து கூட்டத்தோடு வினாவிடையாகப் பேசும் முறை முதலிய பல சடங்குகளைப் பாசிசம் அங்கிருந்தே எடுத்துக்கொண்டது.

உள்நாட்டிலோ விலைவாசி ஏறியிருந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலையில்லை. 1919 நவம்பர் தேர்தலில் 508 இடங்களுள் 156 இடங்களை வென்று சமவுடைமைக் கட்சி முதலிடம் பெற்றது. 1920 செப்டம்பரில் வட இத்தாலியத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளைக் கைப்பற்றினர். புரட்சி வரவில்லை, ஆனால் அது வந்துவிடும் என்ற அச்சம் ஆலை முதலாளிகளிடமும் நிலவுடைமையாளரிடமும் தங்கிவிட்டது.

முசோலினியும் தொடக்க இயக்கமும்

பெனிட்டோ முசோலினி 1883 சூலை 29 அன்று பிரெடாப்பியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர், சமவுடைமையாளர். தாய் பள்ளி ஆசிரியை. 1912 முதல் சமவுடைமைக் கட்சியின் நாளேடான 'அவந்தி'யின் ஆசிரியராக இருந்த முசோலினி, 1914-இல் கட்சியின் போரெதிர்ப்பு நிலையைக் கைவிட்டுப் போரை ஆதரித்ததால் வெளியேற்றப்பட்டார். அவ்வாண்டிலேயே 'இல் போப்போலோ திதாலியா' என்ற சொந்த நாளேட்டைத் தொடங்கினார்.

1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில் இருந்த ஓர் அரங்கில் புதிய இயக்கம் தொடங்கப்பட்டது. முன்னாள் படைவீரர், போரை ஆதரித்த தொழிற்சங்கவாதிகள், எதிர்காலவியக் கலைஞர்கள் ஆகியோர் அதில் கலந்துகொண்டனர். அவ்வாண்டு வெளியான வேலைத்திட்டத்தைப் படிப்பவர் வியப்படைவர். பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணிநேர வேலைநாள், குறைந்தபட்சக் கூலி, மூலதனத்தின் மீது கடும் வரி, திருச்சபைச் சொத்துப் பறிமுதல், மேலவை ஒழிப்பு ஆகியன அதில் இருந்தன. இவற்றுள் பலவற்றுக்கு நேர்மாறானவற்றையே பின்னாளில் பாசிச அரசு செய்தது. 1919 தேர்தலில் இவ்வியக்கம் ஓர் இடமும் பெறவில்லை. மிலானில் அதன் பட்டியலுக்கு 5,000 வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு.

கருஞ்சட்டைப் படைகள்

இயக்கத்தை வளர்த்தது வேலைத்திட்டமன்று. போ ஆற்றுச் சமவெளியில் நடந்த வன்முறையே. அங்கு நாட்கூலி விவசாயத் தொழிலாளர்களின் சங்கங்கள் மிக வலிமையாக இருந்தன. எந்தப் பண்ணைக்கு யார் வேலைக்குச் செல்வது என்பதைச் சங்கங்களே முடிவு செய்தன. சங்கத்தை மீறி ஆள் அமர்த்திய நிலவுடைமையாளர் புறக்கணிப்புக்கு ஆளாயினர். நகராட்சிகள் பலவும் சமவுடைமைக் கட்சியின் கையில் இருந்தன.

1920 நவம்பர் 21 அன்று போலோஞ்ஞா நகரில் புதிய சமவுடைமை நகராட்சி பதவியேற்ற நாளில் கருஞ்சட்டையினர் தாக்கியதால் எழுந்த மோதலில் பலர் இறந்தனர். அதன்பின் தாக்குதல்கள் ஊர் ஊராகப் பரவின. இரவில் சுமையுந்துகளில் வருவர். சங்கக் கட்டடத்தையும் கூட்டுறவுக் கடையையும் எரிப்பர். சங்கத் தலைவரை வீட்டிலிருந்து இழுத்துத் தடியால் அடிப்பர். விளக்கெண்ணெயை வலுக்கட்டாயமாகப் புகட்டி, ஊரார் முன் அவமானப்படுத்துவது அவர்கள் கையாண்ட தனி முறை. செலவுக்கு நிலவுடைமையாளர் பணம் தந்தனர். காவல்துறையினர் பல இடங்களில் கண்டுகொள்ளாமல் இருந்தனர். சில இடங்களில் படை அலுவலர்களே ஆயுதமும் வண்டியும் கொடுத்துதவினர். 1921 இறுதியில் உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இப்படைகளின் வட்டாரத் தலைவர்கள் 'ராஸ்' எனப்பட்டனர். இது எத்தியோப்பியக் குறுநிலத் தலைவரைக் குறிக்கும் சொல். ஃபெர்ராராவில் இத்தாலோ பால்போ, கிரெமோனாவில் ரொபெர்த்தோ ஃபரினாச்சி, போலோஞ்ஞாவில் தீனோ கிராந்தி ஆகியோர் இவர்களுள் முதன்மையானவர்கள். 1921 ஆகத்தில் முசோலினி சமவுடைமையாளருடன் அமைதி உடன்பாடு செய்தபோது ராஸ்கள் அதை ஏற்க மறுத்தனர். இறுதியில் பணிந்து போனவர் முசோலினிதான். தலைவரின் சொல்லுக்குத் தொண்டர் அடங்குவதே பாசிசம் என்ற பொதுவான எண்ணத்தோடு தொடக்கக் காலப் பாசிசம் முழுதும் பொருந்தவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஆட்சிக்கு வந்த முறை

பாசிசம் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தது என்று பாசிச அரசு பிற்காலத்தில் பரப்புரை செய்தது. தேர்தலில் பெரும்பான்மை பெற்று வந்தது என்று கருதுவோரும் உள்ளனர். இரண்டும் சரியல்ல.

1921 மே தேர்தலில் தாராண்மைவாதப் பிரதமர் ஜியோவன்னி ஜியோலிட்டி, சமவுடைமையாளரைக் குறைக்கும் நோக்கத்துடன் பாசிஸ்டுகளைத் தம் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அவர்களைப் பயன்படுத்திவிட்டு அடக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. 35 பாசிஸ்டுகள் நாடாளுமன்றத்தில் நுழைந்தனர். அவ்வாண்டு நவம்பரில் இயக்கம் தேசியப் பாசிசக் கட்சியாக மாறியது.

1922 அக்டோபர் இறுதியில் கருஞ்சட்டையினர் உரோமை நோக்கித் திரண்டனர். மழையில் நனைந்த, போதிய ஆயுதமற்ற கூட்டம் அது. நகரில் இருந்த படை அவர்களை எளிதில் கலைத்திருக்க முடியும் என்பதே பெரும்பாலான வரலாற்றாளர் கருத்து. அக்டோபர் 28 காலையில் பிரதமர் லூயிஜி ஃபாக்தாவின் அமைச்சரவை நெருக்கடி நிலையை அறிவிக்க முடிவெடுத்தது. மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அந்த ஆணையில் கையெழுத்திட மறுத்துவிட்டார். படை எந்தப் பக்கம் நிற்கும் என்ற ஐயம், உள்நாட்டுப் போர் குறித்த அச்சம் எனப் பல காரணங்கள் இதற்குக் கூறப்படுகின்றன. மறுநாள் மன்னர் முசோலினியை ஆட்சியமைக்க அழைத்தார். 'உரோம் நடைப்பயணம்' என்று கொண்டாடப்பட்ட நிகழ்வில் முசோலினி நடக்கவே இல்லை. அவர் மிலானிலிருந்து இரவு இரயிலில் புறப்பட்டு அக்டோபர் 30 அன்று உரோம் வந்து சேர்ந்தார். அவருடைய தொண்டர்களின் அணிவகுப்பு, பதவி கிடைத்த பின்னர் நடந்தது.

முதல் அமைச்சரவை ஒரு கூட்டணியே. அதில் பாசிஸ்டுகள் சிறுபான்மையினர். நவம்பரில் கீழவை 306-க்கு 116 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்களித்தது. பாசிஸ்டுகள் 35 பேர்தான் என்பதை நினைவிற்கொண்டால், எஞ்சிய வாக்குகளை அளித்தவர்கள் யார் என்ற கேள்வி எழும். ஜியோலிட்டி போன்ற முன்னாள் பிரதமர்களும், போருக்குப் பின் இத்தாலியக் குடியரசைக் கட்டியெழுப்பிய அல்சீதே தெ காஸ்பெரியும் ஆதரித்து வாக்களித்தோருள் அடங்குவர். பொறுப்பு வந்தால் முசோலினி பக்குவப்படுவார் என்று அவர்கள் நம்பினர்.

சட்டத்தின் வழியே சர்வாதிகாரம்

1923 நவம்பரில் அச்செர்போ சட்டம் நிறைவேறியது. இதன்படி, நான்கில் ஒரு பங்கு வாக்குகளுக்குக் குறையாமல் பெற்று முதலிடம் பிடிக்கும் பட்டியலுக்கு மூன்றில் இரு பங்கு இடங்கள் வழங்கப்படும். 1924 ஏப்ரல் தேர்தல் அச்சுறுத்தல்களுக்கிடையே நடந்தது. அரசுப் பட்டியல் ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது.

மே 30 அன்று சமவுடைமை உறுப்பினர் ஜாக்கோமோ மத்தியோத்தி, தேர்தல் முறைகேடுகளைக் கூச்சல்களுக்கிடையே நாடாளுமன்றத்தில் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். சூன் 10 அன்று உரோம் நகரில் அவர் பட்டப்பகலில் கடத்திக் கொல்லப்பட்டார். ஆகத்து 16 அன்றே உடல் கிடைத்தது. நாடு அதிர்ந்தது; முசோலினியின் ஆட்சி கவிழும் நிலைக்கு வந்தது. எதிர்க்கட்சிகள் அவையை விட்டு வெளியேறி, மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தன. மன்னர் தலையிடவில்லை. மெய்யியலாளர் பெனெதெத்தோ குரோச்சே கூட, மத்தியோத்தி கடத்தப்பட்ட அதே மாதத்தில், மேலவையில் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். (அடுத்த ஆண்டு பாசிச எதிர்ப்பு அறிவாளர் அறிக்கையை எழுதியவரும் இவரே.) 1925 சனவரி 3 அன்று, நடந்தவை அனைத்துக்கும் தாமே பொறுப்பு என்று முசோலினி அவையில் அறிவித்தார். எவரும் அவர்மீது குற்றம் சாட்ட முன்வரவில்லை. சர்வாதிகாரம் அந்நாளிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது வரலாற்றாளர் மரபு.

அதன்பின் இரண்டே ஆண்டுகளில் வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சித் தலைவர்களுக்குப் பதிலாக அரசே நியமித்த 'பொதெஸ்தா'க்கள் வந்தனர். 1926 நவம்பரில் எதிர்க்கட்சிகள் அனைத்தும் கலைக்கப்பட்டு, அரசியல் குற்றங்களுக்கெனச் சிறப்பு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அம்மாதமே பொதுவுடைமைக் கட்சித் தலைவர் அந்தோனியோ கிராம்சி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோதே கைது செய்யப்பட்டார். சிறையில் உடல் நலிந்த அவர் 1937-இல் இறந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1931-இல் ஆணை வந்தபோது, ஏறத்தாழ 1,200 பேருள் பன்னிரண்டு பேர் அளவிலேயே மறுத்தனர்.

நாளேடுகளின் நிலையை இந்தியர் இருவரும் நேரில் கண்டனர். 1926-இல் அரசு விருந்தினராகச் சென்ற இரவீந்திரநாத் தாகூரின் பேச்சுகளை இத்தாலிய நாளேடுகள் பாசிசத்துக்குப் பாராட்டாகத் திரித்து வெளியிட்டன. இத்தாலியை விட்டு வெளியேறிய பின் உண்மையறிந்த தாகூர், பாசிசத்தைக் கண்டித்து எழுதிய மடல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் இதழில் வெளிவந்தது. 1931 திசம்பரில் உரோம் வழியாக நாடு திரும்பிய காந்தி கொடுத்ததாக ஓர் இத்தாலிய நாளேடு நேர்காணலொன்றை வெளியிட்டது. அப்படியொரு நேர்காணலையே தாம் அளிக்கவில்லை என்று காந்தி மறுத்தார்.

கோட்பாடு

பாசிசத்தின் கோட்பாட்டு விளக்கம் ஆட்சியைப் பிடித்துப் பத்தாண்டுகள் கழித்தே முறையாக எழுதப்பட்டது. 1932-இல் வெளியான இத்தாலியக் கலைக்களஞ்சியத்தின் 14 ஆம் தொகுதியில் 'பாசிசம்' என்ற தலைப்பில் முசோலினியின் பெயரில் ஒரு கட்டுரை இடம்பெற்றது. அதன் முதற்பகுதியை உண்மையில் எழுதியவர் அக்கலைக்களஞ்சியத்தை நெறிப்படுத்திய மெய்யியலாளர் ஜியோவன்னி ஜென்டீலே. ஆக, பாசிசத்தின் மூலநூல் எனக் கருதப்படுவதே ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரைதான். நடுநிலை என்பதைக் கலைக்களஞ்சியங்கள் ஏன் விதியாக வைத்துக்கொள்கின்றன என்று கேட்போருக்கு இதனைக் காட்டலாம்.

அக்கட்டுரையின் சாரம் வருமாறு: தனிமனிதர் அரசுக்குள் மட்டுமே பொருள் பெறுகின்றனர், அரசுக்கு வெளியே மதிப்புடையது எதுவுமில்லை, நிலையான அமைதி விரும்பத்தக்கதன்று, போர் மனிதரை உயர்த்துகிறது, பெரும்பான்மை என்ற எண்ணிக்கை மட்டுமே ஆளும் உரிமையைத் தராது.

'முழுமையாதிக்கம்' என்று தமிழில் சொல்லத்தக்க 'தொத்தலித்தாரியோ' என்ற சொல்லும் இத்தாலியில் பிறந்ததே. 1923-இல் தாராண்மைவாதத் தலைவர் ஜியோவன்னி அமெண்டோலா பாசிஸ்டுகளைக் கண்டிக்க இதனைப் பயன்படுத்தினார். கண்டனச் சொல்லை முசோலினி 1925-இல் பெருமைச் சொல்லாக எடுத்துக்கொண்டார். அமெண்டோலா கருஞ்சட்டையினரால் தாக்கப்பட்டு 1926-இல் பிரான்சில் இறந்தார்.

பொருளாதாரத்தில், முதலாளிகளையும் தொழிலாளரையும் துறைவாரியாக ஒரே கழகத்துக்குள் கொண்டுவந்து வர்க்கப் போராட்டத்தை ஒழிப்பதாகக் கூறப்பட்டது. நடைமுறையில் தொழிலாளரின் சுதந்திரச் சங்கங்கள் ஒழிந்தன. முதலாளிகளின் அமைப்பு பெரும்பாலும் தன்னாட்சியுடன் தொடர்ந்தது.

குடியேற்றப் போர்களும் இனச் சட்டங்களும்

இத்தாலிய பாசிசம் நாசிசத்தைவிட மென்மையானது என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. ஆப்பிரிக்காவைக் கணக்கில் எடுத்தால் அது நிற்காது. லிபியாவின் கிழக்குப் பகுதியில் எழுந்த எதிர்ப்பை ஒடுக்க, 1930 முதல் ஏறத்தாழ ஒரு இலட்சம் நாடோடி மக்கள் முகாம்களுக்கு விரட்டப்பட்டனர். பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் இறந்தனர். எதிர்ப்புப் போரை நடத்திய முதியவர் உமர் முக்தார் 1931 செப்டம்பரில் முகாம் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். 1935 அக்டோபரில் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி, தான் கையெழுத்திட்ட பன்னாட்டு உடன்பாட்டை மீறிக் கடுகு வளியை வானூர்திகளிலிருந்து பயன்படுத்தியது. 1937 பிப்ரவரியில், ஆளுநர் கிராத்சியானி மீதான கொலை முயற்சிக்குப் பழிவாங்க, அடிஸ் அபாபாவில் பொதுமக்கள் மூன்று நாட்கள் படுகொலை செய்யப்பட்டனர். 1938-இல் யூதர்களைப் பள்ளிகளிலிருந்தும் அரசுப் பணிகளிலிருந்தும் விலக்கும் இனச் சட்டங்கள் வந்தன. கட்சியில் அதுவரை யூத உறுப்பினர்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பிற எதேச்சதிகாரங்களுடன் ஒப்பீடு

நாசிசம் பாசிசத்துக்கு மிக நெருக்கமானது. கட்சிப் படை, தலைவர் வழிபாடு, அழிவிலிருந்து மீண்டெழும் தேசம் என்ற கனவு ஆகியன இரண்டுக்கும் பொது. ஹிட்லரும் 1933 சனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் இண்டன்பர்க்கால் நியமிக்கப்பட்டே பதவிக்கு வந்தார். அவரையும் அடக்கிவிடலாம் என்று பழமைவாதிகள் நம்பினர். ஆனால் நாசிசத்தின் மையம் அரசன்று, இனம். மேலும், இத்தாலியில் மன்னரும் திருச்சபையும் தனி அதிகார மையங்களாக நீடித்தன. 1929-இல் முசோலினி திருத்தந்தையுடன் இலாத்தரன் உடன்படிக்கை செய்துகொண்டார்.

போர்த்துக்கலின் சலசார் ஒரு பொருளியல் பேராசிரியர். மக்களைத் திரட்டித் தெருவில் நிறுத்துவது அவருக்கு உவப்பானதன்று. அரசியலே வேண்டாமென்று அவர்கள் வீட்டில் இருப்பதையே விரும்பினார். தம் நாட்டில் பாசிசச் சாயலுடன் எழுந்த இயக்கத்தை 1934-இல் அவரே தடைசெய்தார். எசுப்பானியாவின் பிராங்கோ, ஃபலாஞ்சே என்ற பாசிச இயக்கத்தை 1937-இல் முடியாட்சிவாதிகளுடன் இணைத்துத் தம் படைத்துறை ஆட்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார். அரசியல் அறிஞர் உவான் லின்சு 1964-இல் எசுப்பானியாவை ஆராய்ந்து இவ்வேறுபாட்டுக்கு வரையறை தந்தார்: முழுமையாதிக்கம் ஒரு கருத்தியலை ஏந்தி மக்களை ஓயாது திரட்டுகிறது, எதேச்சதிகாரம் வரம்புக்குட்பட்ட பன்மையை விட்டுவைத்து, மக்கள் ஒதுங்கியிருந்தால் போதுமென நினைக்கிறது.

ஸ்டாலின் கால சோவியத் ஒன்றியமும் ஒரு கட்சி ஆட்சியே. அடக்குமுறையில் இத்தாலியைவிட மிகக் கொடியது. ஆயினும் அது பழைய உடைமை வர்க்கத்தை அழித்து எழுந்தது. பாசிசம் அவ்வர்க்கத்தின் துணையோடு எழுந்தது. ஹன்னா அரெண்ட் 1951-இல் எழுதிய நூலில் நாசி ஜெர்மனியையும் ஸ்டாலினின் ஆட்சியையுமே முழுமையாதிக்கம் என்றார். 1938-க்கு முந்திய இத்தாலியை அதில் சேர்க்கவில்லை. அச்சொல்லை உருவாக்கிய நாடே அதன் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை.

விளக்கங்கள்

பொதுவுடைமை அகிலம் 1935-இல் பாசிசத்தை நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான பகுதியின் வெளிப்படையான பயங்கரவாதச் சர்வாதிகாரம் என வரையறுத்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் சமூக மக்களாட்சியினரையே 'சமூக பாசிஸ்டுகள்' என்று அது சாடியதால், ஜெர்மனியில் ஹிட்லருக்கு எதிராக இடதுசாரிகள் ஒன்றுபட முடியாமல் போனது. குரோச்சே பாசிசத்தை இத்தாலிய வரலாற்றின் இடையே வந்த ஓர் அடைப்புக்குறி என்றார். இது பொறுப்பை எளிதாகத் தட்டிக்கழிக்கும் விளக்கம் என்ற விமர்சனம் உண்டு. அண்மைக் கால ஆய்வாளருள் ரோஜர் கிரிஃபின் 'தேசத்தின் மறுபிறப்பு' என்னும் தொன்மத்தைப் பாசிசத்தின் கருவாகக் கொள்கிறார். ராபர்ட் பாக்ஸ்டன் 2004-இல் வெளிவந்த தம் நூலில், பாசிஸ்டுகள் சொன்னதைவிடச் செய்ததையும், அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பழமைவாதிகளையும் ஆராய வேண்டும் என்கிறார். மேலே கண்ட 1919 வேலைத்திட்டத்தின் கதியைப் பார்த்தால், இவ்வணுகுமுறையே இத்தாலிய வரலாற்றுக்கு மிகவும் பொருந்துகிறது எனலாம்.

வீழ்ச்சி

1940 சூனில் இத்தாலி ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கித் தோல்வி மேல் தோல்வி கண்டது. நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிய பின், 1943 சூலை 25 அதிகாலையில் பாசிசப் பெருமன்றம் 19-க்கு 8 என்ற கணக்கில் முசோலினிக்கு எதிரான தீர்மானத்தை நிறைவேற்றியது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பழைய போலோஞ்ஞா ராஸ் தீனோ கிராந்தி. அன்று மாலை, 21 ஆண்டுகளுக்கு முன் அவரை அழைத்த அதே மன்னர் முசோலினியைப் பதவிநீக்கிக் கைது செய்வித்தார். ஜெர்மானியர் அவரை மீட்டு, வட இத்தாலியில் சலோ நகரை மையமாகக் கொண்ட ஒரு பொம்மை அரசின் தலைவராக்கினர். 1945 ஏப்ரல் 28 அன்று அவர் எதிர்ப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1946 சூன் 2 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் இத்தாலியர் முடியாட்சியை ஒழித்தனர். 1948 சனவரியில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கலைக்கப்பட்ட பாசிசக் கட்சியை எவ்வடிவிலும் மீண்டும் அமைப்பதைத் தடைசெய்கிறது. எனினும் 1946 திசம்பரிலேயே முன்னாள் பாசிஸ்டுகள் 'இத்தாலிய சமூக இயக்கம்' என்ற கட்சியைத் தொடங்கியிருந்தனர். அது 1948 முதல் 1990கள் வரை நாடாளுமன்றத்தில் இடம்பெற்றது. முசோலினியின் உடல் 1957-இல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டுப் பிரெடாப்பியோவில் அடக்கம் செய்யப்பட்டது.